லிப்போ பேட்டரிக்கு மாறியபோது: ஆர்சி கார் வைத்திருப்போரின் அனுபவங்கள்

வேளச்சேரி ஆர்சி

டமியா டிடி-02 என்ற ரிமோட் கார் ஓட்டுபவர்களுக்குப் பின்னணி தெரிந்திருக்கும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரியை ஒதுக்கிவிட்டு 2எஸ் லிப்போவுக்கு, அதாவது இரண்டு செல் கொண்ட 7.4 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரிக்கு மாறினேன். செவ்வக உறை கொண்டது அந்தச் சேசிக்குள் இறங்காது என்பதால் விளிம்பு உருண்ட உறையுடையதைத் தேடிப் பிடித்தேன். பேட்டரி அளவுக்கு மீறித் தீர்வதற்குள் மோட்டாரை நிறுத்திவிடும் லிப்போ கட்-ஆஃப் உள்ள இஎஸ்சியும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) போட்டாயிற்று. பெயரளவில் 0.2 வோல்ட்தான் கூடுதல், ஆனாலும் வேகம் கண்கூடாகக் கூடியது. நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல.

நிக்கல் பேட்டரி தீரப்போவதைக் கார் தானே சொல்லிவிடும். திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது சோர்வு தெரியும், மோட்டாரின் சத்தம் மெல்ல இறங்கும், நாமும் காரை வீட்டுப் பக்கம் திருப்பிவிடுவோம். லிப்போவிலோ ஏறக்குறைய கடைசி வரை அதே இழுவை. அன்று மாலை குடியிருப்பின் பின்பக்கச் சாலையில் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்த கார், தண்ணீர் லாரி திரும்பிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்ததும் இழுவை அறுந்து, சற்று உருண்டு, லாரியின் முன்சக்கரத்துக்கு நேராக நின்றுவிட்டது. டிரிக்கரை எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை. முன்சக்கரங்கள் மட்டும் நான் திருப்பிய பக்கமெல்லாம் வலமும் இடமுமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. ஓட்டுநர் பார்த்துவிட்டதால் கார் தப்பியது. பிறகு அளந்து பார்த்தபோது செல் ஒன்றுக்கு 3.5 வோல்ட் காட்டியது, ஆகவே கட்-ஆஃப் தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. இப்படி முன்னறிவிப்பே இல்லாமல் நிற்பது எல்லோருக்கும் நடக்கிறதா?

மண்தடம்

உங்கள் கார் நின்றது என்று வருந்தாதீர்கள். என்னுடையது நிற்காமல் ஓடியதுதான் வினை. பிறரிடமிருந்து வாங்கிய டிரக் அது. ஹாபிவிங் குவிக்ரன் 1060 போன்ற இஎஸ்சிகளில் பேட்டரி நிக்கலா லிப்போவா என்பதைச் சொல்ல ஒரு சிறு ஜம்பர் இருக்குமல்லவா, அதை முந்தைய உரிமையாளர் நிக்கல் பக்கமே விட்டுவைத்திருந்தார், அதனால் லிப்போ கட்-ஆஃப் வேலை செய்யவில்லை. லிப்போவை ஏற்கெனவே அதில்தான் ஓட்டியதாகச் சொல்லி, பேட்டரியையும் சேர்த்தே கொடுத்தார்.

ஓட்டி முடித்து பேட்டரியை எடுக்கப் போனால் வரவில்லை. கடின உறைக்குள்ளேயே செல்கள் ஊதி, உறையின் இரு பக்கமும் பேட்டரித் தட்டின் சுவர்களை நெருக்கிக்கொண்டிருந்தன. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உள்ளே குத்திவிடுமோ என்ற பயத்தில் காரைக் கவிழ்த்து, அடிப்பக்கத் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, தட்டோடு சேர்த்தே வெளியே எடுத்தேன். ஒரு செல் 2.4 வோல்ட், மற்றது 3.1. என் சார்ஜர் ஏற்க மறுத்தது. கடைக்காரரோ நிக்கல் மோடில் கொஞ்ச நேரம் போட்டு எழுப்பித் தருகிறேன் என்று கையை நீட்டினார்; கொடுக்காமல் வந்துவிட்டேன்.

பழைய பட்டறை

முதலில் வேளச்சேரி நண்பருக்கு. அந்த 0.2 வோல்ட்டை வைத்து வேகத்தைக் கணக்கிடுவது சரியல்ல. முழுதாக ஏற்றிய 2எஸ் லிப்போ 8.4 வோல்ட் காட்டும் என்றால், புதிதாக ஏற்றிய ஆறு செல் நிக்கலும் சுமையில்லாமல் அளக்கும்போது 8 வோல்ட்டைத் தாண்டும். வித்தியாசம் டிரிக்கரை அழுத்திய பிறகுதான் தெரியும்: நிக்கலின் உள்மின்தடை அதிகம் என்பதால் மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது, லிப்போவில் அவ்வளவாகச் சரிவதில்லை.

என் அனுபவம் சிறியது. பழைய வெள்ளை டமியா பிளக்கையே வைத்துக்கொண்டு லிப்போவில் ஓடிய காரை நண்பர் ஒருவர் கொண்டுவந்தார். பிளக்கின் இரண்டு பாதிகளும் உருகி ஒன்றாகியிருந்தன, கத்தியால்தான் வெட்டி எடுத்தேன். எக்ஸ்டி-60 அல்லது டீன்ஸ் போன்ற அதிக மின்னோட்டம் தாங்கும் பிளக் போடாமல் லிப்போ பக்கம் போகவே கூடாது.

சார்ஜிங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 5000 எம்ஏஎச் (5 ஆம்பியர்-மணி) கொள்ளளவுள்ள பேட்டரி என்றால் 5 ஆம்பியர், அதாவது கொள்ளளவின் ஒரு மடங்கான 1சி, அதற்கு மேல் ஏற்ற அவசரம் எதற்கு? செல்களைச் சமமாக ஏற்ற உதவும் பேலன்ஸ் ஒயரை மாட்டாமல் ஏற்றாதீர்கள். நிக்கல் சார்ஜர், பேட்டரி நிறைந்ததும் மின்னழுத்தத்தில் வரும் சிறு இறக்கத்தைப் பார்த்து நிற்பது. லிப்போவில் அப்படியொரு இறக்கம் வராது, எனவே அந்தச் சார்ஜர் செல்லுக்கு 4.2 வோல்ட்டைக் கடந்தும் ஏற்றிக்கொண்டே போகும், தீப்பிடிப்பது அங்கிருந்துதான். மண்தடம், அந்தக் கடைக்காரரிடமிருந்து தப்பியது உங்கள் அதிர்ஷ்டம். ஆனால் ஜம்பரின் மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள். இரு செல்களுக்கும் இடையே 0.7 வோல்ட் வேறுபாடு இருந்தால் அந்தப் பேட்டரி உங்களிடம் வரும்போதே பழுதாகியிருக்க வாய்ப்பு உண்டு. உறையில் அச்சிட்டிருக்கும் சி எண்ணையும் நம்பாதீர்கள்: 5000 எம்ஏஎச், 50சி என்றால் 250 ஆம்பியர், அதன் ஒயரைப் பார்த்தாலே அது நடக்கிற காரியமா என்று தெரிந்துவிடும். ஓட்டாமல் வைக்கும் நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள், முழுதாக ஏற்றி அலமாரியில் பூட்டாதீர்கள்.

கோலாலம்பூர் கார்க்காரன்

பட்டறை அண்ணா, உங்கள் பட்டியலைப் படித்துவிட்டு என் மகனின் காரில் நிக்கலையே விட்டுவைக்கும் முடிவு உறுதியாகிவிட்டது. அவன் தீரும் வரை ஓட்டுவான், அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவான்; அந்த வாழ்க்கையை நிக்கல் தாங்கும், லிப்போ தாங்காது. இடைவழி வேண்டுபவர்களுக்கு டமியாவே விற்ற 6.6 வோல்ட் லைஃபே (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி ஒன்றும் இருக்கிறது. இழுவை சற்றுக் குறைவு, ஆபத்தும் குறைவு.

என்னை இன்னும் உறுத்துவது திருச்சி பயணம்தான். என் தம்பி உதிரி லிப்போவைச் செக்-இன் பெட்டியில் வைத்துவிட்டான். விமானம் ஏறும் வாசலில் அவன் பெயரைச் சொல்லி அழைத்து, பெட்டியைத் திறக்கவைத்து, அத்தைக்கு வாங்கிய சேலைகளுக்கு நடுவிலிருந்து அதிகாரி அந்தக் கறுப்புக் கட்டையை எடுத்துத் தூக்கிக் காட்டியபோது, வரிசையில் நின்ற எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். 7.4 வோல்ட், 5000 எம்ஏஎச் என்றால் 37 வாட்-மணி, விமானத்துக்கான 100 வாட்-மணி வரம்புக்கு உட்பட்டதுதான். ஆனால் உதிரி பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், முனைகள் மூடியிருக்க வேண்டும்.

வேளச்சேரி ஆர்சி

வோல்ட் விளக்கத்துக்கு நன்றி, பட்டறை அண்ணா. பேலன்ஸ் பிளக்கில் செருகும், மின்னழுத்தம் குறைந்தால் கத்தும் பஸ்ஸர் ஒன்று வாங்கியிருக்கிறேன். செல்லுக்கு 3.5 வோல்ட்டில் வைத்தால் ஒவ்வொரு முறை டிரிக்கரை முழுதாக அழுத்தும்போதும் அலறுகிறது, தெருநாய்கள் காரைத் துரத்துகின்றன; 3.4-க்கு இறக்கியதும் கடைசி நேரத்தில் மட்டும்தான் கத்துகிறது. அதற்கும் கட்-ஆஃபுக்கும் இடையே காரைத் திருப்பிக் கொண்டுவரும் அளவுக்கு நேரம் கிடைக்கிறது. பஸ்ஸரை விட்டுவிட்டு டிரான்ஸ்மிட்டர் டைமரை மட்டும் நம்பி ஓட்டுபவர்கள் இருந்தால், எந்த மோட்டாருக்கு எத்தனை நிமிடம் வைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.