ராமேசுவரம் விமான நிலையத்தில் நினைவுக்கல் யாருக்கு?

கீழக்கரை வாசகர்:
ராமேசுவரத்தில் விமான நிலையம் அமைக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று 2025 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்ததிலிருந்து ஆளுக்கொரு யோசனை சொல்லி வருகிறார்கள். அவற்றுள், இந்திய விமான வரலாறு 1911-இல் அலகாபாத்தில்தான் தொடங்கியது என்று நேற்று ஒரு நண்பர் இங்கே எழுதியதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 1910 மார்ச்சிலேயே, சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், தாமே வடிவமைத்து சிம்ப்சன் நிறுவனத்தாரைக் கொண்டு கட்டுவித்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். புதிய நிலையத்தின் வாசலில் அவருக்கு ஒரு நினைவுக்கல் நாட்ட வேண்டும்.

உச்சிப்புளி வாசி:
எழுதியவன் நான்தான், 'ஒரு நண்பர்' என்று மறைப்பானேன்? 1911 பிப்ரவரி 18 அன்று ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி சுமார் 6,500 கடிதங்களுடன் அலகாபாத்தில் கிளம்பி, யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். கிளம்பிய இடமும் இறங்கிய இடமும் ஏற்றிய சுமையும் பதிவில் உள்ளன. உங்கள் பல்லாவரத்து விமானம் எத்தனை அடி பறந்தது? வேலி தாண்டிய கோழிக்கெல்லாம் கல் நடுவதென்றால் நம் மாவட்டத்தில் கல் போதாது.

பாம்பன் மாணவி:
ஐயா, 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் முதலில் பறந்தது 12 விநாடி, 120 அடி. அவர்களையும் கோழிக் கணக்கில் சேர்த்துவிடலாமா?

உச்சிப்புளி வாசி:
120 அடி என்று உன்னால் சொல்ல முடிகிறதல்லவா, தங்கச்சி? அன்றே நான்காம் முறை 852 அடி பறந்தார்கள். முதல் பறப்புக்குப் புகைப்படமும் உண்டு. நான் கேட்பது அந்த ஓர் எண்ணைத்தான். பல்லாவரத்தில் எத்தனை அடி?

ராமநாதபுரம் தெற்குத்தெரு:
இரண்டு ஐரோப்பியர்களுக்காக இத்தனை சண்டையா? ராமேசுவரத்தில் பிறந்து, எங்கள் ஊர் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்து, விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாமவராக வந்து விமானியாக முடியாமற்போன கலாமுக்கு மேல் இங்கே யாருக்குக் கல் வேண்டும்?

கீழக்கரை வாசகர்:
கலாமுக்குப் பேய்க்கரும்பில் 2017 முதல் மணிமண்டபமே இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அவர் விமானப் பொறியியல் பயின்ற குரோம்பேட்டை, அதே பல்லாவரத்துக்கு அடுத்த ஊர் என்பதையாவது எண்ணிப் பாருங்கள். ஓட்டல் வருமானத்தில் விமானம் கட்டிய ஒருவரைக் கோழி என்று எழுதியவர் முதலில் அந்தச் சொல்லைத் திரும்பப் பெறட்டும்.

உச்சிப்புளி வாசி:
அடுத்த ஊர் என்பதெல்லாம் ஒரு சான்றா, காக்கா? கலங்கரை விளக்க விவாதத்திலும் இப்படித்தான் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, என் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் இழுத்தடித்தீர்கள். முந்தியவருக்கே மரியாதை என்றால், 1895-இலேயே மும்பை சௌபாத்திக் கடற்கரையில் தால்படே என்பவர் விமானம் பறக்கவிட்டதாகச் சொல்லப்படுகிறதே, கல்லை அவருக்கு நாட்டுங்கள். கடற்படையின் பருந்து விமானத்தளம் இருக்கும் ஊர்க்காரன் நான். எது பறத்தல், எது துள்ளல் என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

பாம்பன் மாணவி:
தளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் விமான அறிவு வந்துவிடும் என்றால், அடுத்த ஊர் வாதம் மட்டும் ஏன் செல்லாது, ஐயா? தால்படே கதை வெறும் செவிவழிச் செய்தி. டி ஏஞ்சலிஸின் முயற்சியோ அக்கால இதழ்களிலேயே வெளிவந்தது.

உச்சிப்புளி வாசி:
இதழில் வந்ததா? நல்லது. எத்தனை அடி என்று அந்த இதழிலிருந்தே எடுத்துப் போடு.

கீழக்கரை வாசகர்:
கலங்கரை விளக்க விவாதத்தில் பதில் சொல்லாமல் ஓடியது யார் என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். கோழிக்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள். அடிக்கணக்கைப் பிறகு பார்க்கலாம்.

ராமநாதபுரம் தெற்குத்தெரு:
கலாம் பெயரை மணிமண்டபத்தோடு முடித்துவிட்டீர்களே, அதற்கு யார் மன்னிப்புக் கேட்பது?

உச்சிப்புளி வாசி:
மன்னிப்பெல்லாம் கிடையாது. எத்தனை அடி?