மாமரம் கவாத்து செய்யத் தெரிந்த ஆள் வேண்டும் – சேலம்

வணக்கம். அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மல்கோவா மரம், அப்பா வைத்தது. காய்ப்பு முடிந்துவிட்டது, ஐப்பசி மழைக்கு முன் கிளைகளை அளவாக வெட்டிக் கவாத்து செய்யவேண்டும். ஒரு கிளை மின்கம்பியை ஒட்டியே போகிறது.

பெரிய கவலை அடிமரம்தான். சுண்டுவிரல் நுழையும் அளவு ஓட்டை, அதிலிருந்து மரத்தூள் கொட்டுகிறது, பக்கத்தில் பிசின் வடிகிறது. தண்டுத் துளைப்பான் புழு என்று நினைக்கிறேன். போன வருடம் வந்தவர் கண்டபடி வெட்டிவிட்டு, வெட்டுவாயில் பூஞ்சை பிடிக்காமல் காக்கும் போர்டோ பசைகூடப் பூசாமல் போய்விட்டார். அந்த இடம் இப்போது அழுகியிருக்கிறது.

மரத்தையே எடுத்துவிடச் சொல்லாதீர்கள், மனசு வராது. பக்குவமாகச் செய்கிற ஆள் யாராவது தெரியுமா? கூலி எவ்வளவு கேட்பார்கள்? சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அப்புறம், வாசலில் சின்னப் புல்தரை இருக்கிறது; மாதம் ஒருமுறை வெட்ட வருபவர் இருந்தாலும் சொல்லுங்கள்.