3060ஐ விட 4060 குறைவாக ஓடுகிறது, கார்டு பழுதா?

அரைப்பிக்சல்
அவசர உதவி. அண்ணன் தன்னுடைய ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டை என்னிடம் கொடுத்திருக்கிறார். இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் என் 3060ஐ (12 ஜிபி) அவருக்குக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. ஒரே விளையாட்டு, ஒரே செட்டிங் வைத்து ஓட்டினேன். 3060ல் நொடிக்குச் சராசரி 54 பிரேம் வருகிறது. 4060ல் 43தான். போதாக்குறைக்கு, வண்டியை வேகமாக ஓட்டும்போது படம் திக்கித் திக்கி நிற்கிறது. கார்டு பழுதா? நாளை மாலைக்குள் அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மின்விசிறி
எந்த விளையாட்டு, எந்த ரெசல்யூஷன்? பிராசசர், மதர்போர்டு, பவர் சப்ளை? இது எதுவும் இல்லாமல் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும்.

பழைய_போர்டு
டிரைவர்தான். சேஃப் மோடில் போய் டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளை வைத்து முழுதாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கார்டு மாற்றியதும் நான் முதலில் செய்வது இதுதான்.

ரேம்ராசா
ரேம் ஒரு ஸ்டிக்கா, இரண்டா? பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) போட்டிருக்கிறீர்களா? பாக்கெட்டில் 3200 என்று இருந்தாலும் நாமாக அதை இயக்காவிட்டால் பெரும்பாலும் அந்த வேகத்தில் ஓடாது. திக்கல் என்றாலே நான் ரேமைத்தான் சந்தேகப்படுவேன்.

அரைப்பிக்சல்
சைபர்பங்க் 2077, அதற்குள்ளேயே இருக்கும் பெஞ்ச்மார்க். 1440பி. ரைசன் 5 5600, பி550 போர்டு. ரேம் 16 ஜிபி ஒரே ஸ்டிக். பவர் சப்ளை 650 வாட். டிரைவர் இரண்டுக்கும் ஒன்றுதானே, எதற்குத் துடைக்க வேண்டும்? டாஸ்க் மேனேஜரில் பார்த்தேன், ஜிபியு 1 ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, முழுதாக ஓடுவதில்லை. சூடு 60 டிகிரிதான்.

ரேம்ராசா
ஒரே ஸ்டிக்! சொன்னேன் அல்லவா. இன்னொன்று வாங்கிப் போடுங்கள், திக்கல் போய்விடும்.

மின்விசிறி
இன்னொரு ஸ்டிக் போடுவது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ரேம்தான் காரணம் என்றால் 3060லும் அதே அடி விழுந்திருக்கும். அதே ஒற்றை ஸ்டிக்கில் 3060 54 கொடுத்திருக்கிறதே. வித்தியாசம் வேறெங்கோ இருக்கிறது.

சிலிக்கான்_வாத்தியார்
அடிப்படையே தெரியாமல் ஆளாளுக்கு டிரைவர், ரேம் என்று சுற்றுகிறீர்கள். முதலில் ஸ்பெக் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 2021ல் வந்த 3060ல் 3584 கூடா கோர் (கணக்குப் போடும் அலகு), 192 பிட் பஸ் (மெமரிக்குப் போகும் பாதை), மெமரி வேகம் நொடிக்கு 360 ஜிபி. 2023ல் வந்த 4060ல் 3072 கோர், 128 பிட், 272 ஜிபி. விரேம், அதாவது கார்டின் சொந்த மெமரி, 12 ஜிபிக்குப் பதில் 8. எல்லாமே குறைவு. அது குறைவாக ஓடுவதில் என்ன ஆச்சரியம்? 4060க்கு இருக்கும் பெருமையே பிரேம் ஜெனரேஷன் ஒன்றுதான். தம்பி, இதையெல்லாம் ஒரு வாரம் படித்துவிட்டு வந்து கேட்டிருக்கலாம்.

நூல்பிடி
வாத்தியார், கோரை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பும். 3060ன் பூஸ்ட் வேகம் 1.78 கிகாஹெர்ட்ஸ், 4060ன் வேகம் 2.46. கோரையும் வேகத்தையும் பெருக்கிப் பாருங்கள், 4060தான் மேலே நிற்கும். பஸ்ஸைக் குறுக்கியவர்கள், சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன வேக மெமரியான எல்2 கேஷை 3 எம்பியிலிருந்து 24 எம்பியாக ஏற்றியிருக்கிறார்கள். அடிக்கடி தேவைப்படுவது கேஷிலேயே கிடைத்துவிட்டால் மெமரி வரை போக வேண்டியதில்லை. அதனால்தான் 170 வாட் கார்டை 115 வாட் கார்டு முந்துகிறது. விரேம் நிரம்பிவிட்டால் கதை வேறு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய_போர்டு
பிரேம் ஜெனரேஷனைப் பெருமை என்று சொல்ல வேண்டாம். இரண்டு உண்மையான பிரேமுக்கு நடுவில் ஒன்றை இட்டு நிரப்புகிறார்கள். எண் ஏறும், கையில் வேகம் ஏறாது.

சிலிக்கான்_வாத்தியார்
பயன்படுத்திப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்களா, கேள்விப்பட்டதா? தாமதத்தைக் குறைக்கும் என்விடியாவின் ரிஃப்ளெக்ஸ் சேர்த்து ஓட்டினால் தாமதம் பெரிதாகத் தெரியாது.

மின்விசிறி
அடிப்படையில் 60, 70 பிரேம் இருந்தால் வாத்தியார் சொல்வது சரி. வெறும் 43 பிரேமை வைத்து அதைப் போட்டால் மவுஸ் நகர்த்தும்போது ஒரு மந்தம் தெரியும். நான் போட்டுப் பார்த்தவன்தான். ஆனால் கேட்டவருடைய பிரச்சினை இது இல்லையே, அதற்குத் திரும்பலாம்.

பழைய_போர்டு
ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 3 வந்த பிறகு 3060லும் பிரேம் ஜெனரேஷன் போடலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்காக 4060 வாங்கத் தேவையில்லை.

நூல்பிடி
அரைப்பிக்சல், நீங்கள் எழுதியதை மறுபடி படித்தேன். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு 1 என்று எழுதியிருக்கிறீர்கள். எண் பூஜ்யத்தில் தொடங்கும். ரைசன் 5600ல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது (5600ஜியில்தான் உண்டு). அப்படியிருக்க ஜிபியு 0 என்பது எது?

கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை இறக்கி, மேலே 4060ஐத் தேர்ந்தெடுத்து, பஸ் இன்டர்ஃபேஸ் என்ற கட்டத்தில் இருப்பதை அப்படியே எழுதுங்கள்.

அரைப்பிக்சல்
முதலில் 8 லேன் 4.0 என்று போட்டு, அதை அடுத்து 4 லேன் 1.1 என்று இருக்கிறது. 1.1 என்றால் போர்டு போய்விட்டதா?

நூல்பிடி
பயப்பட வேண்டாம். லேன் என்பது கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தரவு ஓடும் பாதை, 4.0, 1.1 என்பவை அந்தப் பிசிஐஇ இணைப்பின் வேகத் தலைமுறை. வேலை இல்லாதபோது மின்சாரம் மிச்சப்படுத்த இணைப்பு தானாக 1.1க்கு இறங்கும். அந்தக் கட்டத்தின் பக்கத்தில் சின்னக் கேள்விக்குறி இருக்கும். அதை அழுத்தி ரெண்டர் டெஸ்ட்டை ஓடவிட்டு, மறுபடி பாருங்கள். எனக்குக் கவலை தருவது அந்த 4 லேன்தான்.

அரைப்பிக்சல்
இப்போது 4 லேன் 3.0.

நூல்பிடி
கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறது?

அரைப்பிக்சல்
கீழே உள்ளதில். மேலே 3060 இருக்கிறதே. இரண்டையும் போட்டு, மானிட்டர் கேபிளை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அதே நீளம்தானே?

மின்விசிறி
இரண்டும் ஒரே பெட்டிக்குள்ளா! கழற்றி மாற்றியதாகத்தான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நூல்பிடி
சரி, கிடைத்துவிட்டது. கார்டு பழுதில்லை.

பி550 போர்டில் மேல் ஸ்லாட் நேராகப் பிராசசருக்குப் போகிறது, அது 4.0. கீழே உள்ள நீள ஸ்லாட் பெரும்பாலும் போர்டில் இருக்கும் துணைச் சிப்பான சிப்செட் வழியாகப் போகும். வெளியே 16 லேன் நீளம் இருந்தாலும் உள்ளே 4 லேனுக்குத்தான் கம்பி இழுத்திருப்பார்கள், அதுவும் 3.0 வேகத்தில். டார்ச் அடித்து ஸ்லாட்டுக்குள் பாருங்கள். முன்பாதியில் மட்டும் பித்தளை நிறத்தில் ஊசிகள் தெரியும், மீதி வெறும் பிளாஸ்டிக்காக இருந்தாலும் இருக்கும்.

4060 பிறப்பிலேயே 8 லேன் கார்டு. 4.0வில் அதற்கு நொடிக்குச் சுமார் 16 ஜிபி வழி கிடைக்கும். நீங்கள் கொடுத்திருப்பது 4 ஜிபி, அதாவது கால் பங்கு. 8 ஜிபி விரேம் நிரம்பும்போது மிச்சத்தை ரேமிலிருந்து இந்த வழியாகத்தான் இழுக்க வேண்டும். வேகமாக வண்டி ஓட்டும்போது புதிய தெருக்கள் வந்துகொண்டே இருக்கும், எல்லாம் இந்தச் சந்துக்குள் நெரிபடும். உங்கள் திக்கல் அங்கேதான்.

செய்ய வேண்டியது: கணினியை நிறுத்தி, பவர் சப்ளை ஸ்விட்சையும் அணையுங்கள். இரண்டையும் கழற்றுங்கள். ஸ்லாட் நுனியில் இருக்கும் கொக்கியை விரலால் அழுத்திக்கொண்டு தூக்குங்கள், அதை அழுத்தாமல் இழுத்தால் ஸ்லாட் பெயர்ந்துவிடும். பிறகு 4060ஐ மட்டும் மேலே போட்டு அதே பெஞ்ச்மார்க்கை மூன்று முறை ஓட்டி, கடைசி இரண்டின் சராசரியை எடுங்கள்.

ரேம்ராசா
இருந்தாலும் இன்னொரு ஸ்டிக் போடுங்கள். இரண்டு கார்டுக்கும் அது உதவும்.

சிலிக்கான்_வாத்தியார்
லேன் விஷயத்தை அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். 128 பிட் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

மின்விசிறி
விளையாட்டு தவிர வேறு என்ன செய்வீர்கள், அரைப்பிக்சல்? ப்ளெண்டர், வீடியோ எடிட்டிங் ஏதாவது? 12ஐ விட்டு 8க்குப் போவதா என்பது அதைப் பொறுத்தது.

அரைப்பிக்சல்
மேலே போட்டேன். 62. திக்கல் இல்லை. நூல்பிடி அண்ணா, மிக்க நன்றி. ப்ளெண்டர் கொஞ்சம் செய்வேன். அண்ணன் வந்துவிட்டார், அப்புறம் எழுதுகிறேன்.

மின்விசிறி
ப்ளெண்டர் செய்வீர்கள் என்றால் 3060ஐக் கொடுத்துவிடும் முன் உங்களிடம் இருப்பதிலேயே பெரிய காட்சியை 4060ல் ஒருமுறை ரெண்டர் போட்டுப் பாருங்கள். 8 ஜிபிக்குள் அடங்கினால் 4060 வேகமாக முடித்துவிடும். அடங்காவிட்டால் ரேமைத் தொட்டுத் தொட்டு இழுக்கும், இல்லையேல் மெமரி போதவில்லை என்று பாதியில் நின்றுவிடும். அண்ணனிடம் இன்னும் ஒரு நாள் கேட்டு வாங்குங்கள்.