சுகர், யூரிக் ஆசிட் இரண்டும் இருப்பவர் செர்ரி சாப்பிடலாமா?

வைகைக்கரை:
அப்பாவுக்கு வயது 62. சுகருக்கு மெட்ஃபார்மின் போகிறது. யூரிக் ஆசிட் 7.8, கால் பெருவிரல் அடிக்கடி வீங்கும், அதற்கு ஃபெபுக்ஸோஸ்டாட் 40. செர்ரி இரண்டுக்கும் நல்லது என்கிறார்களே, ஒரு நாளைக்கு எத்தனை கொடுக்கலாம்? பேக்கரியில் விற்கும் செர்ரி போதுமா?

களாச்செடி:
பேக்கரி செர்ரியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பன் மேலே ஒட்டியிருக்கும் அந்தச் சிவப்பு உருண்டை பெரும்பாலும் களாக்காய். கொட்டை எடுத்து, கலர் ஏற்றி, பாகில் ஊறப்போட்டது.

மே முதல் ஜூலை வரை காஷ்மீர், இமாசலத்திலிருந்து பெட்டியில் வருவதுதான் நிஜப் பழம். 100 கிராமில் சர்க்கரை சுமார் 13 கிராம், நார்ச்சத்து 2 கிராம், 63 கலோரி. நடுத்தரப் பழமாக இருந்தால் 12 நிற்கும். ஒரு நாளைக்கு அவ்வளவு போதும். மாவுச்சத்துக் கணக்கில் அது ஏறக்குறைய ஓர் இட்லி. சாதம் சாப்பிட்ட கையோடு கொடுத்தால் இரண்டும் சேர்ந்து ஏறும்; காலை 11 மணிக்கோ மாலை 4 மணிக்கோ, ஒரு பிடி வேர்க்கடலையோடு கொடுங்கள்.

கிளைசெமிக் இண்டெக்ஸ் (சாப்பிட்டதும் சுகர் எவ்வளவு வேகமாக ஏறும் என்ற அளவு) 22தான் என்று எல்லா இடத்திலும் போட்டிருப்பார்கள். அதை நம்பிக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட வேண்டாம். கருஞ்சிவப்பு இனிப்பு வகையை அளந்தபோது 63 வந்திருக்கிறது.

மாத்திரைக்கணக்கு:
யூரிக் ஆசிட் பக்கம் கொஞ்சம் ஆதாரம் உண்டு. 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் கவுட் (யூரிக் ஆசிட் படிந்து மூட்டு வீங்கும் நோய்) உள்ள 633 பேரைக் கவனித்தார்கள். செர்ரி சாப்பிட்ட இரண்டு நாளில் வலி வரும் வாய்ப்பு 35 சதவீதம் குறைவு; யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையும் சேர்ந்திருந்தால் 75 சதவீதம் குறைவு. ஆனால் அது கவனிப்பு ஆய்வு. செர்ரிதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

2003-இல் வந்த இன்னொன்றில், ஆரோக்கியமான 10 பெண்களுக்கு 280 கிராம் பிங் என்ற இனிப்பு வகை செர்ரி கொடுத்து ஐந்து மணி நேரம் கழித்துப் பார்த்தபோது ரத்த யூரிக் ஆசிட் 14 சதவீதம் அளவுக்கு இறங்கியிருந்தது. 280 கிராம் என்றால் 36 கிராம் சர்க்கரை! சுகர்காரருக்கு அந்த அளவு கட்டாது. 12 பழத்தில் அதே இறக்கத்தை எதிர்பார்க்கவும் கூடாது. யூரிக் ஆசிட்டை 6-க்குக் கீழே கொண்டுவருவது மாத்திரையின் வேலை. செர்ரியை நம்பி அதை நிறுத்தினால் விரல் மறுபடி வீங்கும்.

சுகர், கொழுப்பு விஷயத்தில் நடந்தவை எல்லாம் சின்னச் சின்னச் சோதனைகள், முடிவும் ஒன்றுபோல் இல்லை. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) குறையும் என்று வாங்காதீர்கள்.

வைகைக்கரை:
நன்றி சார். சீசன் இல்லாதபோது டின் செர்ரியைக் கழுவிக் கொடுத்தால்?

களாச்செடி:
பாகு சதைக்குள்ளேயே இறங்கிவிடும், கழுவினால் போகாது. உலர் செர்ரியும் வேண்டாம், இனிப்பு சேர்த்ததில் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். ஜூஸில் நார் போய்விடும். சர்க்கரை சேர்க்காத ஃப்ரோசன் கிடைத்தால் அதே 100 கிராம். மிக்ஸியில் அடிப்பதானால் கொட்டையை எடுத்துவிட்டு அடியுங்கள். உடைந்த பருப்பிலிருந்து சயனைடு வரும்.

மாத்திரைக்கணக்கு:
வயிறு உப்பினால் பழத்திலுள்ள சார்பிட்டால் என்ற, எளிதில் செரிக்காத சர்க்கரை வகைதான் காரணம், ஆறு பழமாகக் குறையுங்கள். கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) கூடுதலாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், 100 கிராமில் 220 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. முதல் மூன்று நாள் சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் பழம் வாயில் போட்டதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை குளுக்கோமீட்டரில் பாருங்கள். முதலில் பார்த்ததைவிட 40-க்கு மேல் ஏறியிருந்தால் பழத்தின் அளவைப் பாதியாக்குங்கள். பார்ப்பதற்கு முன் கையைக் கழுவச் சொல்லுங்கள்; விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் மீட்டர் கூட்டிக் காட்டும்.