தேமல் வேண்டாம், இலைநரை என்போம்

மன்னார்குடி ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

அலங்காரச் செடியின் இலையில் எதிர்பாராமல் வெள்ளை விழுவதற்கு (ஆங்கிலத்தில் variegation) நாம் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்க, 'தேமல்' போதும் என்று ஐயா எழுதியிருந்தார். அழகான சொல்தான். ஆனால் டெல்டாவில் அதை வெள்ளை ஈ முன்பே பிடித்துவைத்திருக்கிறது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஈர வயலில் உளுந்து தெளிக்கிற எவரிடமும் 'தேமல்' என்று சொல்லிப் பாருங்கள். 'பிடுங்கிப் போடு' என்பார். அவர் சொல்வது மஞ்சள் தேமல் நோய், வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரியால் வருவது. அதைத் தாங்கும் வம்பன் உளுந்து ரகங்களின் விதைகளைத் தேடுவதே அதற்குப் பயந்துதான். மணி பிளான்டில் வெள்ளை விழுந்தால் யார் பிடுங்குகிறார்கள்? தொட்டிக்கு விலையல்லவா ஏறுகிறது!

'வெளிறல்' சரிப்படாது. இரும்புச் சத்துக் குறைந்து வெளிறிய இலை, சத்துக் கொடுத்தால் தேறும். நாம் பேசுவது வேறு. பெரும்பாலும் குருத்து நுனியில் ஓர் உயிரணு மாறி, பச்சையம் உண்டாக்கும் திறனை இழக்கிறது. அதன் வழிவந்தவை எல்லாம் வெள்ளை. தண்டைப் பார்த்தாலே தெரியும்: வெள்ளைக் கோடு எந்தக் கணுவின் மொட்டு வழியாக ஓடுகிறதோ, அங்கிருந்து கிளம்பும் கிளையில்தான் வெள்ளையை எதிர்பார்க்கலாம். மஞ்சள் விளிம்புள்ள பாம்புச் செடியின் இலையை நறுக்கி நட்டால் கன்று முழுப் பச்சையாக வரும். கிழங்கோடு பிரித்து நட்டால்தான் விளிம்பு தங்கும்.

'கலப்பிலை' என்றால் இரண்டு ரகங்களை மகரந்தம் சேர்த்துக் கலந்த ஒட்டு ரகம் என்று நினைத்துவிடுவார்கள். நம் கொல்லையில் பூக்கும் அந்திமந்தாரையை வைத்து 1909-இல் ஜெர்மன் தாவரவியலாளர் காரல் கொரன்ஸ் காட்டியது நேர் எதிரானது: விதை எந்தக் கிளையில் விளைந்ததோ அதைப் பொறுத்ததே கன்றின் நிறம். மகரந்தத்துக்கு அதில் பங்கில்லை.

மாட்டின் உடலில் உள்ள திட்டுக்குச் சொல்லும் 'மறை' எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் 'இலைமறை' என்றதும் எல்லாரும் காயைத் தேடுவார்கள்.

என் பரிந்துரை 'இலைநரை'. நிறமி இல்லாத வெண்மை, நோயல்ல, சொல்லிக்கொண்டு வருவதுமில்லை. இளநரைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். வினையாகவும் இழையும்: கொடி நரைத்திருக்கிறது, நரைத்தண்டு, நரைக்கணு. நரைத்த தலை திரும்பக் கறுக்காது, செடியோ பச்சைக்குத் திரும்புகிறதே என்று யாராவது மடக்கலாம். திரும்புகிறதுதான்; பச்சைக் கிளை வேகமாக வளர்ந்து நரைத்ததை அமுக்கிவிடும், அதனால்தான் அந்தப் பச்சைக் கிளையை வெட்டி எடுக்கிறோம். அந்தக் கிளைக்கு 'மீள்பச்சை' என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் இலையிலும் ஒரே மாதிரி கோடு போடும் கலாத்தியா வகைகளை இதில் சேர்க்க வேண்டாம். அவை 'கோல இலை'களாக இருக்கட்டும்.

மஞ்சளாக விழுவதற்கு என்ன சொல்வது என்பதுதான் நெருடல். 'பொன்னரை' என்று புணர்த்தினால் பேச்சு அரைஞாண் கயிற்றுக்குப் போய்விடும். நர்சரி வைத்திருப்பவர்கள் குழுவில் இருந்தால் உங்கள் வழக்கை எழுதுங்கள்.