மறு: பொதிப் பட்டியலில் ‘ஆர்க்கிடெக்சர்’ - கட்டமைப்பா, பொறிவகையா?

வணக்கம். லினக்ஸில் பொதிகளின் (நிறுவுவதற்காகக் கட்டித் தரும் மென்பொருள்களின்) பட்டியலில் ‘ஆர்க்கிடெக்சர்’ என்று வரும் நெடுவரிசைத் தலைப்பைத் தமிழில் எப்படிப் போடுவது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> பேசாமல் ‘கட்டமைப்பு’ என்றே போட்டுவிடலாமே, அகராதிகளில் அதுதானே இருக்கிறது.

இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது போய் உட்காரப்போகும் இடத்தைப் பாருங்கள். சேவையகத்தில் நிறுவியிருக்கும் பொதிகளை டிபிகேஜியிடம் (டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் பொதி மேலாளர்) பட்டியல் கேட்டால் நிலை, பெயர், பதிப்பு என்று வந்து அதற்கடுத்து இந்த நெடுவரிசை வருகிறது. கீழே ஏஎம்டி64 (64 பிட்), ஐ386 (32 பிட்), ஆல் (எல்லாவற்றுக்கும் பொது) என்று வரிக்கு ஒரே ஒரு சொல். இதற்குத் தலைப்பு ‘கட்டமைப்பு’ என்றால், பொதிக்குள் எந்தக் கோப்பு எந்த அடைவில் இருக்கிறது, கட்டுப்பாட்டுக் கோப்பு எங்கே, தரவு எங்கே என்பதைத்தான் படிப்பவர் எதிர்பார்ப்பார். பொதியின் கட்டமைப்பு என்று தமிழில் சொன்னால் அதுதானே பொருள்? போதாததற்கு ஸ்ட்ரக்சர், ஃபிரேம்வொர்க் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே இதையே போட்டு வைத்திருக்கிறோம், இன்ஃப்ராஸ்ட்ரக்சருக்கு முன்னால் ஓர் ‘உள்’ சேர்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. கணினித் துறையில் ஆர்க்கிடெக்சர் என்ற சொல் வேர்பிடித்தது 1964இல், ஐபிஎம் சிஸ்டம்/360 வரிசையோடு. சிறிதும் பெரிதுமாகப் பல மாதிரிகள், உள்ளே சுற்றுகள் வேறு, வேகம் வேறு, விலை வேறு, ஆனால் ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றதிலும் ஓட வேண்டும் என்பது திட்டம். அதை வடிவமைத்த ஆம்டால், பிளாவ், புரூக்ஸ் மூவரும் அந்த ஆண்டே எழுதிய கட்டுரையில் சொல்லுக்கு எல்லையும் வகுத்துவிட்டார்கள்: நிரல் எழுதுபவர் கண்ணுக்குத் தெரிகிற இயல்புகள் இதில் சேரும், உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பது சேராது. அதாவது ‘கட்டமைப்பு’ என்றதும் நம் மனதில் எது வருகிறதோ அதைத்தான் அவர்கள் வெளியே நிறுத்தினார்கள். இன்றைக்கும் அப்படித்தான். இன்டெல் சில்லும் ஏஎம்டி சில்லும் உள்ளே வேறு வேறு, பொதிப் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே சொல்.

> அப்படியானால் ‘செயலி வகை’?

ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்பு கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். இப்போது செயலி என்றால் ஆப், அதை யாராலும் திரும்பப் பிடுங்க முடியாது. மென்பொருள் பட்டியலில் ‘செயலி வகை’ என்று தலைப்பு வைத்தால் கீழே விளையாட்டு, கல்வி, அலுவல் என்று வரும் என்றுதான் பார்ப்பார்கள். ‘நுண்செயலி வகை’ என்று நீட்டினால் இந்தக் குழப்பம் தீரும், ஆனால் பொருள் தப்பு. டெபியனில் ஆர்ம் சில்லுகளுக்கு ஆர்ம்இஎல், ஆர்ம்எச்எஃப் என்று இரண்டு உண்டு. ஒரே சில்லில் இரண்டையும் ஓட்டலாம். வேறுபாடு எங்கே என்றால், மிதவைப்புள்ளி எண்களை (தசம எண்களை) ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) இன்னொன்றுக்குக் கொடுக்கும்போது எந்தப் பதிவகத்தில் (சில்லுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) வைத்துக் கொடுப்பது என்ற உடன்பாட்டில். அந்த உடன்பாடு மாறினால் ஒன்றின் நூலகத்தை மற்றதன் நிரலோடு இணைக்கவே முடியாது. எக்ஸ்32 என்ற வகையும் இதே கதைதான், 64 பிட் நுண்செயலி, 64 பிட் பதிவகங்கள், சுட்டிகள் (நினைவக முகவரிகள்) மட்டும் 32 பிட். ஆக இந்த நெடுவரிசை சொல்வது சில்லின் பெயரை அல்ல. எந்த ஆணைத்தொகுதிக்காக (சில்லுக்குப் புரியும் ஆணைகளின் தொகுப்பு), எந்த உடன்பாட்டின்படி இந்தப் பொதியை ஆக்கியிருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறது.

என் பரிந்துரை: பொறிவகை.

‘பொறியும் வன்பொருள்தானே, உடன்பாட்டை அது எப்படிச் சொல்லும்’ என்று கேட்பீர்கள். முழுதாகச் சொல்லாதுதான். ஆனால் மெய்நிகர் பொறி என்கிறோமே, அங்கே தனி வன்பொருள் ஏது? நிரலுக்குப் பொறியாகத் தெரிவது எதுவோ அது பொறி, அந்த அளவுக்கு இந்தச் சொல் ஏற்கெனவே இளகியிருக்கிறது. எலிப்பொறி நினைவுக்கு வராதா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். பொறியாளர் என்றதும் யாருக்கும் எலி நினைவுக்கு வரவில்லையே!

அப்புறம், கலைச்சொல் தனியாக நின்றால் போதாது, கிளை விட வேண்டும். ரெட்ஹேட் பக்கத்துப் பொதி முறையான ஆர்பிஎம்மில் நோஆர்ச் என்று வருவது, அதாவது எல்லாப் பொறிவகைக்கும் பொதுவானது, பொறிசாராப் பொதி. டெபியனில் அமைப்பின் சொந்த வகைக்கு மேல் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் ஃபாரின் வகை, அயற்பொறிவகை. ஒரே அமைப்பில் பல பொறிவகைப் பொதிகளை நிறுவ விடும், 2013இல் ‘வீசி’ என்ற வெளியீட்டோடு டெபியனுக்கு வந்த மல்ட்டிஆர்ச், பல்பொறி ஏற்பாடு. பிழைச்செய்தியிலும் வைத்துப் பார்த்தேன்: “பொதியின் பொறிவகை ஐ386, அமைப்பின் பொறிவகை ஏஎம்டி64, இரண்டும் பொருந்தவில்லை.” படித்ததும் புரிகிறது. இதே இடத்தில் கட்டமைப்பு பொருந்தவில்லை என்றால் பொதி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மறுபடி பதிவிறக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சேவையகத்தைப் பராமரிப்பவர்களுக்கு இது சும்மா தலைப்புப் பிரச்சினை இல்லை. 64 பிட் அமைப்பில் 32 பிட் நிரல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து இயக்குகிறார்கள், ‘அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை’ என்று கட்டளைகளை இயக்கும் ஷெல் சொல்கிறது. எல்எஸ் கட்டளையில் பட்டியல் போட்டால் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, அனுமதிகளும் சரி. உண்மையில் காணாமல் போனது அந்தக் கோப்பு அல்ல, அதை நினைவகத்தில் ஏற்ற வேண்டிய 32 பிட் ஏற்றி. ஃபைல் கட்டளையில் கொடுத்தால் 32 பிட் என்று காட்டிவிடும், பிறகு ஐ386ஐ அயற்பொறிவகையாகச் சேர்த்து அதன் சி நூலகத்தை நிறுவினால் பெரும்பாலும் ஓடிவிடும். பழைய ஆர்பிஎம் பட்டியல்களில் இன்னொரு கூத்து, பெயரும் பதிப்பும் மட்டுமே வரும் என்பதால் ஒரே நூலகம் இரண்டு முறை இருப்பதுபோலத் தெரியும். நகல் என்று நினைத்து ஒன்றை நீக்கப் போகிறவர்கள் உண்டு. க்வெரிஃபார்மேட்டில் (பட்டியலில் எவை வர வேண்டும் என்று சொல்லும் விருப்பம்) பொறிவகையையும் சேர்த்துக் கேட்டால்தான் ஒன்று ஐ386, மற்றது எக்ஸ்86_64 என்று தெரியும்.

> நெடுவரிசையின் மதிப்புகளையும் தமிழாக்க வேண்டுமா?

கூடாது. அவை நிரல்கள் படிக்கும் குறிச்சொற்கள், கைவைத்தால் ஸ்கிரிப்ட்கள் உடையும். ‘ஆல்’ என்பதை ‘அனைத்தும்’ என்று மாற்றத் தோன்றும், ஆனால் டெபியனில் ‘எனி’ என்று இன்னொன்றும் இருக்கிறது. எனி என்றால் ஒவ்வொரு பொறிவகைக்கும் தனித்தனியாக ஆக்கு, ஆல் என்றால் ஒரே பொதி எல்லாவற்றுக்கும் போதும். அகராதியை வைத்துக்கொண்டு ‘ஏதேனும்’, ‘அனைத்தும்’ என்று போட்டால் கிட்டத்தட்ட தலைகீழாகிவிடும். விளக்கக் கோப்பில் மட்டும் ஆல் என்பதற்குப் பக்கத்தில் பொறிசாரா என்று எழுதுவோம். கூடவே ஏஎம்டி64க்கும் ஒரு வரி தேவை, ‘என்னுடையது இன்டெல், ஏன் ஏஎம்டி என்று காட்டுகிறது’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த 64 பிட் நீட்டிப்பை முதலில் வகுத்தது ஏஎம்டி, 2003இல் ஆப்டெரான் சில்லோடு சந்தைக்கும் கொண்டுவந்தது, இன்டெல் பின்னால்தான் சேர்ந்துகொண்டது. டெபியன் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது, ரெட்ஹேட் பக்கம் எக்ஸ்86_64 என்கிறார்கள். பொருள் ஒன்றுதான்.

ஓரிடத்தில் மட்டும் அடைமொழி கட்டாயம் வேண்டும். யூநேம் கட்டளை சொல்வது கெர்னலின் (இயங்குதளத்தின் உட்கரு) பொறிவகை, டிபிகேஜி சொல்வது நிறுவிய அமைப்பின் பொறிவகை. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் 64 பிட் கெர்னல்மேல் 32 பிட் அமைப்பு ஓடினால் முதலாவது ஏஆர்ச்64 (64 பிட் ஆர்ம்) என்னும், இரண்டாவது ஆர்ம்எச்எஃப் என்னும், இரண்டும் உண்மை. எனவே வெறும் ‘பொறிவகை’ என்று வரும் சரங்களில் (நிரல் காட்டும் செய்தித் துண்டுகளில்) எது எதைக் குறிக்கிறது என்று பார்த்து ‘கெர்னல்’, ‘அமைப்பு’, ‘பொதி’ மூன்றில் ஒன்றை முன்னால் சேர்க்க வேண்டும். டிபிகேஜியின் மொழிபெயர்ப்புக் கோப்பில் அந்தச் சரங்களை நான் பிரித்துத் தருகிறேன். ஆர்பிஎம் பக்கத்தை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். பல்பொறியில் ஒவ்வொரு பொதிக்கும் குறிக்கும் ‘சேம்’, ‘ஃபாரின்’ (மேலே சொன்ன அயற்பொறிவகை அல்ல, இது வேறு), ‘அலவ்ட்’ என்ற மூன்று நிலைகளுக்கு இன்னும் எனக்கு நல்ல சொல் அமையவில்லை, அதைத் தனி இழையில் பேசலாம்.