மூணு பேர் வெப்சைட் ஆபீஸ்: நேரம் எங்கே போகிறது?

வெப்வேலை_மதுரை:

வணக்கம் நண்பர்களே. மதுரையில் மூணு பேராக வெப்சைட் செய்து தருகிறோம். நான், ஒரு டெவலப்பர், டிசைனும் கன்டென்ட்டும் பார்க்கும் ஒருவர். பெரும்பாலும் வேர்ட்பிரஸ், ஆன்லைன் கடை என்றால் அதோடு வூகாமர்ஸ். பழைய கஸ்டமர்கள் 14 பேர், புது வேலை 4 ஓடுகிறது. காலை 10 முதல் இரவு 9 வரை ஆபீஸ் திறந்திருந்தும் புது வேலை நகரவே மாட்டேன் என்கிறது. "ஒரு போட்டோ மாத்திடுங்க", "மெயில் வரல", "ஆஃபர் பேனர் இன்னைக்கே போடணும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்ப்பதிலேயே பொழுது போய்விடுகிறது. அதற்குக் காசும் வாங்குவதில்லை. 25,000 ரூபாய் வேலை மூணு மாசம் இழுக்கிறது. பழைய கஸ்டமரைப் பகைத்துக்கொள்ளாமல் இதை எப்படிச் சரிசெய்வது? ரேட் எப்படிப் போடுவது?

கணக்குப்பிள்ளை:

முதலில் ரேட். உங்கள் மணிநேரம் எவ்வளவுக்கு அடக்கம் என்று தெரியாமல் மற்ற எதையும் முடிவு செய்ய முடியாது. சம்பளம், வாடகை, கரண்ட், நெட், சாஃப்ட்வேர் சந்தா, உங்கள் சொந்தச் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 1,20,000 என்று வையுங்கள். சொந்தச் சம்பளத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவதுதான் பலரும் செய்யும் தப்பு.

அடுத்து, பில் போடக்கூடிய நேரம். எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் எட்டும் பில்லாகாது. டெவலப்பருக்கு 5, டிசைனருக்கு 4, போன், கொட்டேஷன், வசூல் என்று அலையும் உங்களுக்கு 2. ஆக நாளைக்கு 11. மாதம் 24 நாளுக்கு 264 மணி. 1,20,000-ஐ 264-ஆல் வகுத்தால் சுமார் 455 ரூபாய். லீவு, வராத பாக்கி, வேலை இல்லாத மாதம் இவற்றுக்காக 30 சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய 600. அப்படியென்றால் 25,000 ரூபாய் வேலைக்கு உங்களிடம் இருப்பது 41 மணி நேரம்தான். கஸ்டமருடன் பேசுகிற நேரமும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

இரண்டு வாரம் மூணு பேரும் 15 நிமிடக் கணக்கில் நேரத்தைக் குறித்து வையுங்கள். நேரம் குறிக்கும் க்ளாக்கிஃபை ஆப் போதும், கூகுள் ஷீட்டும் போதும். எந்தக் கஸ்டமர், என்ன வேலை, எத்தனை நிமிடம் என்ற மூன்று பத்திக்கு மேல் வேண்டாம். நாலாவது பத்தி வந்தால் மூன்றாம் நாளே யாரும் எழுத மாட்டார்கள்.

வசூலுக்கு இரண்டு விஷயம். உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இலவசம், உடனே செய்யுங்கள். 2006-ம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, வாங்குபவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி. உத்யம் எண்ணை இன்வாய்ஸில் போட்டாலே கம்பெனி கஸ்டமரின் ஆடிட்டர் கவனிப்பார். ஆண்டு விற்றுமுதல் (டர்ன்ஓவர்) 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. கட்டாயம், வெப்சைட் வேலைக்கு 18 சதவீதம். சேவையில் அட்வான்ஸ் வாங்கிய மாதக் கணக்கிலேயே வரி கட்ட வேண்டியிருக்கும், அதனால் கொட்டேஷனில் "ஜி.எஸ்.டி. தனி" என்று எழுதி, அட்வான்ஸையும் வரியோடு சேர்த்தே வாங்குங்கள்.

நிரலி:

மூணு மாசம் இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கோடிங் இல்லை, கன்டென்ட், அதாவது சைட்டில் போட வேண்டிய எழுத்தும் படமும். கஸ்டமர் "அனுப்புறேன்" என்பார், ஆறு வாரம் ஆகும். வந்தால் அது பிரஸ்ஸில் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்த பேஜ்மேக்கர் ஃபைலாக இருக்கும், எழுத்து பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்டில். அதை வெப்சைட்டுக்குத் தேவையான யூனிகோடு எழுத்துக்கு மாற்றினாலும் ஒற்றெழுத்தும் கொம்பும் அங்கங்கே இடம் மாறி நிற்கும். வரி வரியாகப் பிழை திருத்த வேண்டும். இதைத் தனி வேலையாகக் கொட்டேஷனில் காட்டுங்கள்: "தமிழ் யூனிகோடு அல்லாத கோப்பு என்றால் பக்கத்துக்கு இவ்வளவு". டிசைனிலும் ஒன்று. ஆங்கிலத்தில் அழகாக இருந்த மெனுவில் தமிழ்ச் சொல் நீளமாக இருப்பதால் இரண்டு வரியாக உடையும். மாதிரியிலேயே உண்மையான தமிழ்ச் சொற்களைப் போட்டுக் காட்டினால் கடைசி வாரத்தில் வரும் திருத்தம் பாதியாகும்.

பணத்தை 40-30-30 என்று பிரியுங்கள். 40 வராமல் வேலையைத் தொடாதீர்கள். 30 டிசைன் ஓகே ஆனதும். கடைசி 30 சைட் லைவ் போகும் முன்னால். லைவ் போன பிறகு அந்தப் பணம் நகராது. "முழு கன்டென்ட் 15 நாளில் வராவிட்டால் வேலை வரிசையின் கடைசிக்குப் போகும்" என்று ஒரு வரி கட்டாயம். டிசைனுக்கு இரண்டு முறை திருத்தம், மூன்றாவதுக்குத் தனிக் கட்டணம்.

ஆன்லைன் கடை என்றால் பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) விண்ணப்பத்தைக் கடைசியில் வைக்காதீர்கள். பிரைவசி, ரீஃபண்ட், டெர்ம்ஸ், தொடர்பு முகவரி ஆகிய பக்கங்கள் சைட்டில் இல்லாவிட்டால் அப்ரூவல் திரும்பிவிடும். முதல் வாரத்திலேயே அந்த நாலு பக்கத்தையும் ஏற்றி, கே.ஒய்.சி. காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்.

சர்வர்காரர்:

"மெயில் வரல" என்ற போன் உங்கள் பக்கத் தப்பாலும் வரும். புது ஹோஸ்டிங்குக்கு மாற்றும்போது நேம்சர்வரை (டொமைனின் முகவரிப் பதிவேடு இருக்கும் சர்வரை) அப்படியே மாற்றினால் பழைய பதிவேட்டில், அதாவது டி.என்.எஸ்.ஸில், இருந்த மெயிலுக்கான எம்.எக்ஸ்., எஸ்.பி.எஃப். ரெக்கார்டு எல்லாம் போய்விடும். சைட் நன்றாகத் திறக்கும், மெயில் மட்டும் நின்றுபோகும். மாற்றும் முன் எல்லா ரெக்கார்டையும் ஷீட்டில் எழுதி வையுங்கள். ஒரு நாள் முன்பே டி.டி.எல். மதிப்பை (பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 300 நொடிக்குக் குறையுங்கள். முடிந்தவரை ஏ ரெக்கார்டை (சைட் எந்த சர்வரில் இருக்கிறது என்று காட்டும் பதிவை) மட்டும் மாற்றுங்கள்.

டொமைன் கஸ்டமர் பெயரிலேயே, அவர் ஈமெயிலிலேயே இருக்கட்டும். 14 டொமைனின் காலாவதித் தேதியையும் ஒரே காலண்டரில் போட்டு 60, 30, 7 நாள் முன்பு நினைவூட்டல் வையுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவச எஸ்.எஸ்.எல். (சைட் பாதுகாப்பு) சான்றிதழ் அதிகபட்சம் 90 நாள்தான். தானாகப் புதுப்பிக்கும் என்று நம்பி விடாமல், அதைக் கண்காணிக்க ஒரு அலர்ட் வையுங்கள்.

ப்ளகின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) அப்டேட்டைக் கண்ட நேரத்தில் அமுக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள், செவ்வாய் காலை போல. முதலில் பேக்கப், பிறகு ஸ்டேஜிங்கில் (சைட்டின் சோதனைப் பிரதியில்) அப்டேட், செக்அவுட்டில் ஒரு டெஸ்ட் ஆர்டர், அதன் பிறகுதான் லைவ். வெள்ளி மாலை எதையும் தொட வேண்டாம். ஜவுளிக்கடை, நகைக்கடை கஸ்டமர் என்றால் தீபாவளிக்கு மூணு வாரம் முன்பே மாற்றங்களை நிறுத்திவிடுங்கள். பேனர், விலை மாற்றம் மட்டும் போகட்டும். பேக்கப் அதே சர்வரில் இருந்தால் அது பேக்கப் ஆகாது. மூணு மாசத்துக்கு ஒருமுறை ஒன்றைத் திரும்ப ஏற்றியும் பாருங்கள்.

வெப்வேலை_மதுரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பழைய 14 பேரிடம் மணிக்கு 600 என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்களா என்பதுதான் பயம்.

நிரலி:

கணக்குப்பிள்ளை சார் சொன்ன 600 உங்கள் உள்கணக்குக்கு. கஸ்டமரிடம் மணிக்கணக்கைக் காட்டாதீர்கள், "ஒரு போட்டோவுக்கு ஏன் ஒரு மணி?" என்று பேரம் அதிலேயே ஆரம்பிக்கும். அவர்களுக்குத் தெரிந்த சொல் ஏ.எம்.சி., அதாவது வருடப் பராமரிப்பு ஒப்பந்தம். ஏ.சி.க்கும் லிஃப்டுக்கும் கட்டுகிறார்கள், இதற்கும் கட்டுவார்கள். வருடத்துக்கு 12 மணி வேலை, அப்டேட், பேக்கப் சேர்த்து 9,000. ஹோஸ்டிங், டொமைன் தனி. மீந்த மணி அடுத்த வருடத்துக்குப் போகாது.

பதினாலு பேருக்கும் ஒரே நாளில் சொல்ல வேண்டாம். டைம் ஷீட்டில் அதிக நேரம் தின்னும் மூணு பேரிடமிருந்து ஆரம்பியுங்கள், அதுவும் டொமைன் ரின்யூவல் வரும் மாதத்தில். போனில் பேசிவிட்டு இதை அனுப்புங்கள்:

"ஐயா, வணக்கம். வரும் 1-ம் தேதி முதல் உங்கள் சைட்டுக்கு வருடப் பராமரிப்பு தொடங்குகிறோம். மாற்றங்களை இந்த ஈமெயிலுக்கு அனுப்பினால் அடுத்த வேலை நாளுக்குள் முடித்துத் தருவோம். சைட் திறக்கவில்லை, பேமென்ட் ஆகவில்லை என்றால் எந்த நேரமும் போன் செய்யுங்கள். மற்றவற்றுக்கு 11-12, 4-5 மணிக்குப் பேசலாம்."

வாய்ஸ் நோட்டில் வரும் வேலையைத் தேடி எடுக்க முடியாது. யார் எடுத்தாலும் கேட்ட உடனே ஒரு வரியாக ட்ரெல்லோவில் (வேலைப் பட்டியல் ஆப்பில்) எழுதி, "இதுதானே ஐயா?" என்று திருப்பி அனுப்பட்டும்.

சர்வர்காரர்:

ஏ.எம்.சி. வேண்டாம் என்று சொல்பவருக்கு முழு பேக்கப், ஹோஸ்டிங் லாகின், டொமைன் லாகின் மூன்றையும் ஈமெயிலில் கொடுத்து, "பெற்றுக்கொண்டேன்" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஹோஸ்டிங்கில் இருந்தால் 30 நாள் அவகாசம் கொடுங்கள். பாக்கி இருந்தாலும் டொமைனைப் பிடித்து வைக்காதீர்கள்.